வாசலில் நின்று பார்த்த பலெர்மோ

பலெர்மோவின் தேவாலயங்களைப் பற்றிக் கேட்பவர்களுக்கு நான் அவற்றின் கதவுகளைப் பற்றி மட்டும்தான் சொல்ல முடியும். எந்தக் கதவு வெண்கலம், எந்தப் படியில் மத்தியானத்தில் நிழல் விழும், எந்த வாசலில் பிச்சை கேட்கும் கிழவி இன்னொரு கிழவியை அண்டவிடமாட்டாள் என்பதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். உள்ளே இருப்பவற்றை தம்பியின் மகள், என் பெறாமகள் அபிராமி போய்ப் பார்த்துவந்து சொன்னாள்.

காரணம் துடக்கு, சாவுத் தீட்டு. என் தம்பி ரவி ஆடி மாதத்தில் இந்த நகரத்தில் இறந்துபோனான். அவனை இன்னும் எரிக்கவில்லை. நகரத்தின் தகன உலை பழுதாகிக் கிடப்பதால் பெட்டிகள் கல்லறைத் தோட்டத்துக் கொட்டகை ஒன்றில் முறை பார்த்துக் காத்திருக்கின்றன. அவற்றில் ஒன்று அவனுடையது.

எங்கள் வழக்கில் இறப்புத் துடக்கு முப்பத்தொன்றாம் நாள் அந்தியேட்டிச் சடங்கோடு கழியும். கணக்கு எந்த நாளில் தொடங்குகிறது என்று ரவியின் மனைவி மாலா தொலைபேசியில் கேட்டாள். நான் யாழ்ப்பாணத்தில் இருந்தபடி, எரித்த நாளில் இருந்துதான் என்று தீர்ப்புச் சொன்னேன். எல்லோருக்கும் செத்த நாளும் எரித்த நாளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்த காலத்தில் உண்டான வழக்கு அது. இங்கே எரியவில்லை, ஆகவே கணக்கும் தொடங்கவில்லை. ஆடியில் இருந்து அவள் இங்கேயும் நான் அங்கேயும் துடக்கோடு இருந்தோம். நல்லூர்த் தேருக்கும் நான் போகவில்லை. மாலா மலைக்குப் போகவில்லை.

மலையைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். நகரத்தின் வடக்கே கடலை ஒட்டி ஒரு மலை நிற்கிறது. அதன் உச்சிக்கருகில் ஒரு குகை. அதற்குள் சாந்தா ரொசாலியா என்ற புனிதையின் கோயில். அந்தக் குகைக்குள் தனியாக இருந்து செத்து, நெடுங்காலம் யாரும் காணாமல் கிடந்தவள், பிறகு நகரத்தைக் கொள்ளைநோயில் இருந்து காப்பாற்றியவள் என்று ஊர் அவளைக் கும்பிடுகிறது. இங்கே குடியேறிய எங்கள் ஆட்களும் கும்பிடுகிறார்கள். ஞாயிறு காலையில் அந்த மலைப்பாதையில் ஏறுபவர்களில் திருநீறு பூசிய நெற்றிகள்தான் அதிகம் என்று அபி சொன்னாள். ரவியும் மாலாவும் வந்த காலத்தில் இருந்து ஏறியவர்கள். அவன் ஆசுப்பத்திரியில் கிடந்தபோது, எழுப்பித் தந்தால் வெறுங்காலோடு ஏறி வருகிறேன் என்று மாலா நேர்த்தி வைத்தாள். அவன் எழும்பவில்லை. நேர்த்தி அப்படியே நிற்கிறது.

நான் யாழ்ப்பாணக் கச்சேரியில், மாவட்ட அரச அலுவலகத்தில், நிருவாக உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். ஐப்பசியில் உலை வேலை செய்யும் என்று சொன்னார்கள். மூடியுள்ள ஒரு செப்புச் செம்பையும் சிவப்புத் துணியையும் எடுத்துக்கொண்டு, சாம்பலைக் கீரிமலைக் கடலில் கரைக்கக் கொண்டுபோக வந்தேன். வந்து இறங்கிய அன்று உலை திரும்பவும் பழுது.

மாலாவின் வீடு அல்பெர்கேரியாவில், பல்லரோ சந்தைக்கு மேலே மூன்றாம் மாடியில் இருக்கிறது. விடிவதற்கு முன்பே கீழே கூவத் தொடங்கிவிடுவார்கள். மீன்காரனின் குரல் கோயிலில் பதிகம் பாடுகிறவரைப் போல இழுத்து நீட்டிக்கொண்டு மேலே வரும். நான் மீனைப் பார்க்கலாமே தவிர வாங்க முடியாது. துடக்கு முடியும்வரை மரக்கறிதான். சந்தை முனையில் கடலைமாவைக் களிபோலக் கிண்டி, ஆறவிட்டு, வில்லையாக வெட்டிப் பொரித்துப் பாணுக்குள் வைத்துத் தருகிறார்கள். பனெல்லே என்று பெயர். எங்கள் கடலை வடைக்குத் தூரத்துச் சொந்தம். காரம் மட்டும் அந்தப் பக்கத்துக்குப் போகவில்லை. அதில் எலுமிச்சை பிழிந்து தின்றுதான் அந்த நாட்களைக் கழித்தேன்.

மாலா காலையில் ஒரு வீட்டில் கிழட்டுச் சிஞ்ஞோரா அம்மாவைக் குளிக்கவார்த்து, உடுப்பு மாற்றி, சாப்பாடு கொடுக்கப் போய்விடுவாள். வேலைக்குத் துடக்கு இல்லை. "பெரியப்பாவைச் சும்மா வீட்டுக்கை வச்சிராதை, ஊரைக் காட்டு" என்று அபிக்கு உத்தரவு. அபி இங்கேயே பிறந்தவள், பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், தமிழைச் சிசிலிக்காரரின் இழுவையோடு கதைக்கிறாள்.

முதல் நாள் பேராலயம். உலகத்தில் இருந்தெல்லாம் ஆட்கள் வந்து நுழைகிற வாசலில் நான் செருப்போடு நின்றுகொண்டேன்.

"பெரியப்பா, உது கத்தோலிக்கக் கோயில். அவைக்கு எங்கட துடக்கு தெரியாது."

"அவைக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்."

"உள்ளுக்கு ராசாமாரின்ர சவப்பெட்டி இருக்கு. அவையும் செத்தாக்கள்தானே?"

"அவை எனக்குச் சொந்தமில்லை. நீ போய்ப் பாத்திட்டு வா."

அவளுக்கும் துடக்குத்தானே என்று வாசிக்கிறவர் கேட்கலாம். நானும் கேட்டேன். "நான் உங்கட தீர்ப்பை ஏற்கேல்லை" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வாசல் மண்டபத்துத் தூண் ஒன்றில் அரபு எழுத்து வெட்டியிருந்தது. பள்ளிவாசலாக இருந்த இடத்தைக் கோயிலாக்கியபோது தூணைத் தூக்கிவந்து நட்டிருக்கிறார்கள், எழுத்தை அழிக்கவில்லை. அழிக்க நேரம் இல்லையா, மனம் இல்லையா என்று தெரியவில்லை. எங்கள் நாட்டில் என்றால் இரண்டும் இருந்திருக்கும். உள்ளே போனவர்கள் யாரும் அந்தத் தூணைக் கவனிக்கவில்லை. வாசலில் நிற்பதில் இப்படி ஒரு நன்மை உண்டு.

மறுநாள் தகன உலைக்குப் பொறுப்பான நகரசபை அலுவலகத்துக்குப் போனோம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த மனிதர் தம்பியின் பெயரைத் தட்டி, திரையைப் பார்த்து, தோளைக் குலுக்கினார்.

"பாகம் ஒண்டு வரவேணுமாம் பெரியப்பா. வெளியூரில இருந்து."

"பாகத்துக்கு ஓடர் குடுத்தாச்சோ, குடுக்கப் போகினமோ எண்டு கேள். குடுத்திருந்தால் ஒப்புதல் ஆர் வச்சது எண்டும் கேள்."

அபி கேட்டாள். அந்த மனிதர் முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். தன் இனத்து ஆளை அந்நிய ஊரில் கண்ட முகம். ஏதோ கேட்டார்.

"நீங்களும் உப்பிடி ஒரு கந்தோரில இருந்தனீங்களோ எண்டு கேக்கிறார்."

"ஓம் எண்டு சொல்லு."

அவர் எழுந்து கண்ணாடித் துவாரத்துக்குள்ளால் கையை நீட்டி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு அதே பதிலை மரியாதையோடு இன்னொரு முறை சொன்னார். பெட்டியைக் கடல் கடந்து வேறு நகரத்துக்கு அனுப்பலாம், ஆனால் அங்கேயும் வரிசை இருக்கிறது என்றார். நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அவருடைய இருக்கையில் நான் இருந்தாலும் வேறு எதுவும் சொல்லியிருக்க முடியாது. அதுதான் கஷ்டமாக இருந்தது.

அன்று பின்னேரம் அரண்மனைக்குள் இருக்கிற பொன் தேவாலயத்தைப் பார்க்கப் போனோம். நான் முற்றத்தில் தூண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அபி வெளியே வந்து கைத்தொலைபேசியை நீட்டினாள்.

"படத்தில பாக்கிறதுக்கும் துடக்கோ?"

இதற்கு முன்மாதிரி எதுவும் எனக்குத் தெரியாது. யோசித்து, பார்க்கலாம் என்று தீர்ப்பளித்தேன். சுவரெல்லாம் பொன். மேலே இருந்து ஒரு பெரிய முகம் யாரையும் குறிப்பாகப் பார்க்காமல் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தது. திரையில் உள்ளங்கையளவுதான் தெரிந்தது. இரண்டாம் தடவையும் காட்டச் சொன்னேன்.

கால்சாப் பகுதியில் கூரை இல்லாத ஒரு தேவாலயம் இருக்கிறது. கூரை முழுமையாக அமையவே இல்லை என்று ஒருவர் சொன்னார், விழுந்துவிட்டது என்று இன்னொருவர் சொன்னார். நடுவில் மரம் ஒன்று வானத்தைப் பார்த்து வளர்ந்து நிற்கிறது. சுற்றுலாக்காரர் அதைச் சுற்றி நின்று என்ன அழகு என்று வியந்தார்கள். எங்கள் பக்கத்தில் கோயிலுக்குக் கூரை இல்லையென்றால் காரணம் கேட்பதில்லை, எந்த வருடம் குண்டு விழுந்தது என்று மட்டும் கேட்போம். நான் அங்கேயும் உள்ளே போகவில்லை. துடக்கினால் இல்லை.

அடுத்த நாள் கப்புச்சின் துறவிகளின் நிலவறைக்குப் புறப்பட்டோம். பஸ்ஸில் பயணச்சீட்டைக் குத்துகிற இயந்திரம் வேலை செய்யவில்லை. மற்றவர்கள் அதை இயந்திரத்தின் பிரச்சினை என்று விட்டுவிட்டார்கள். நான் சாரதியிடம் போனேன். திகதியைப் பேனாவால் எழுது என்றார். என்னிடம் பேனா இருந்தது. எப்போதும் இரண்டு இருக்கும். நான் எழுதுவதைப் பார்த்த ஒரு அம்மாள் தன் சீட்டையும் நீட்டினாள், பின்னால் இன்னொருவர் நீட்டினார். "கடைசியில் இந்த பஸ்ஸுக்கு ஒரு உத்தியோகத்தர் கிடைத்துவிட்டார்" என்று அந்த அம்மாள் உரத்துச் சொன்னதாக அபி மொழிபெயர்த்தாள். பஸ் முழுக்கச் சிரித்தது. அடுத்த சந்தியில் யாரோ நடுத்தெருவில் காரை விட்டுவிட்டுப் போயிருந்தான். சாரதி ஹோர்னில் கையை வைத்தபடி சாய்ந்துகொண்டார். கார்க்காரன் பாண் பொட்டலத்தோடு ஆறுதலாக வந்து எங்களைப் பார்த்துக் கையசைத்தான். அதற்குள் நாங்கள் இறங்கி மிச்சத் தூரத்தை நடக்கத் தொடங்கியிருந்தோம்.

நிலவறை வாசலில் நான் ஒரு முடிவுக்கு வந்தேன்: செத்தவர்கள் இருக்கிற இடத்துக்குச் சாவின் துடக்கு ஒட்டாது. ஆகவே உள்ளே போகலாம். அபி வரமாட்டேன் என்றுவிட்டாள். அன்று மட்டும் அவள் வாசலில் நின்றாள், நான் போய்ப் பார்த்தேன்.

படிகள் இறங்கினால் நீண்ட தாழ்வாரங்கள். சுவர் முழுக்க மனிதர் உடுப்போடு நிற்கிறார்கள். வற்றிய உடம்புகள், கழுத்தில் பெயர் அட்டை. துறவிகளுக்கு ஒரு தாழ்வாரம், ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று, படித்து உத்தியோகம் பார்த்தவர்களுக்கு ஒன்று. தரம் பிரித்த நேர்த்தியை என்னால் மெச்சாமல் இருக்க முடியவில்லை. உத்தியோகத்தர் பகுதியில் ஒருவர் தலையைச் சரித்து, வாய் கொஞ்சம் திறந்து, அடுத்த ஆள் வரலாம் என்று சொல்லப்போகிறவர் போல நின்றார். அவருடைய கோட்டுக்கு யாரோ பிற்காலத்தில் பொத்தான் தைத்திருந்தார்கள்; நூலின் நிறம் வேறு. வீட்டுக்காரர் வந்து உடுப்பு மாற்றுவார்களாம், கையைப் பிடித்துக்கொண்டு செபம் சொல்வார்களாம். ஒரு மூலையில் கண்ணாடிக்குள் சிறு பிள்ளை ஒன்று தலையில் ரிபனோடு நித்திரை கொள்வதுபோலக் கிடந்தது. அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை.

வெளியே வெயிலில் அபி மதிலில் இருந்தாள்.

"எப்பிடி இருக்கு?"

"ஒழுங்கா இருக்கு."

அவள் மதிலில் இருந்து இறங்கினாள். பிறகு கேட்டாள்: "அப்பாவும் இப்ப அப்பிடியோ இருப்பார்?"

"இல்லை. பெட்டிக்கை தகடு வச்சு, ஒட்டி மூடியிருக்கு. காத்துப் போகாது. அதுதான் நடைமுறை."

எனக்குத் தெரிந்த பதில் அதுதான். அவள் தலையை ஆட்டினாள். நாங்கள் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் நடந்தோம்.

இரண்டு நாள் கழித்து இறந்தோர் தினம் வந்தது. இந்த ஊரில் அன்று விடியும்போது, செத்துப்போன உறவினர் இரவு வந்து பிள்ளைகளுக்கு இனிப்பும் விளையாட்டுச் சாமானும் வைத்துவிட்டுப் போனதாகச் சொல்வார்கள். கடைகளில் சீனியில் செய்த வண்ணப் பொம்மைகளும், பாதாம் மாவில் செய்த பழங்களும் நிறைந்திருந்தன. பழங்களில் அழுகல் புள்ளிகூடத் தீட்டியிருந்தார்கள். இறந்தவர்கள் பரிசு கொண்டுவருவது எனக்கு விளங்கவில்லை. எங்கள் இறந்தவர்களுக்கு நாங்கள்தான் படைக்க வேண்டும்.

காலையில் குசினி மேசையில் ஒரு தட்டு இருந்தது. அதில் ஒரு சீனிப் பொம்மை, குதிரையில் ஒரு வீரன். பக்கத்தில் ஒரு பாதாம் கத்தரிக்காய். மாலா அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அபி தட்டைப் பார்த்தபடி அசையாமல் நின்றாள்.

"சின்னனில ஒவ்வொரு வருசமும் இருக்கும், பெரியப்பா" என்றாள். "அப்பா சொல்லுவார், அப்பப்பா யாழ்ப்பாணத்தில இருந்து ராத்திரி வந்து வச்சிட்டுப் போனவர் எண்டு. நான் நம்பினனான். கடல்லாலை எப்பிடி வந்தவர் எண்டு கேப்பன். செத்தாக்களுக்கு பெர்மெஸ்ஸோ, விசா ஒண்டும் தேவையில்லை எண்டுவார்."

அவளுடைய அப்பப்பாவான எங்கள் ஐயா சாகும்வரை யாழ்ப்பாணத்தைவிட்டு வெளியே போகாதவர். இங்கே ஒவ்வொரு வருடமும் வந்துபோயிருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது.

"இந்த முறை ஆர் வச்சது?" என்று அபி தாயைக் கேட்டாள்.

மாலா திரும்பவில்லை. "கொப்பர்தான். வேறை ஆர்?" என்றாள். பிறகு, "கத்தரிக்காய் அத்தானுக்கு. பச்சைத் தண்ணியும் கடலைமாவும் எண்டு இருக்கிறார், பாவம்."

நான் அந்தக் கத்தரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். இந்த ஊரின் நடைமுறைப்படி என் தம்பி ஏற்கெனவே கடமையைப் பொறுப்பேற்றுவிட்டான். அவன் இன்னும் முழுதாகச் சாகவில்லை என்று பிடித்து வைத்திருப்பது என் ஒருவனுடைய தீர்ப்பு மட்டும்தான்.

பத்து மணிக்குக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். ஊரே செவ்வந்திப் பூவோடு வந்திருந்தது. எல்லோரும் தங்கள் தங்கள் கல்லைத் தேடிப் போய்விட்டார்கள். கல் இல்லாதவர்கள் கொட்டகைக்கு முன்னால் நின்றோம். கதவு சாத்தியிருந்தது. அதற்கு நேரே ஒரு கிழவர் மடக்குக் கதிரையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். தோத்தோ என்று பெயர் சொன்னார். மாலாவுக்கு அவரை முன்பே தெரியும். ஞாயிறுகளில் இருவரும் இங்கேதான் வந்து நிற்கிறார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

கிழவர் எழுந்து கதிரையை எனக்குத் தந்தார். நான் மறுத்தேன். அவர் என்னை அழுத்தி இருத்திவிட்டுப் பேசினார். அபி சொல்லிக்கொண்டே வந்தாள்.

"தன்ர மனுசியும் உள்ளுக்கையாம். ஈஸ்டருக்கு முதலே வந்தவவாம். அவ வாய் ஓயாத ஆளாம். அப்பா பாவமாம், ராத்திரிப் பகலா அவவின்ர கதையைக் கேட்டுக்கொண்டு கிடப்பாராம். அப்பாவுக்குச் சிசிலிப் பாஷை விளங்குமோ எண்டு கேக்கிறார்."

மாலா தானே பதில் சொன்னாள், அவர்களுடைய பாஷையில். கிழவர் சிரித்தார், பிறகு தொப்பியை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பிடித்துக்கொண்டார்.

"என்ன சொன்னாள்?" என்று அபியைக் கேட்டேன்.

"விளங்கும், ஆனால் மறுமொழி சொல்லமாட்டார், வீட்டிலயும் அப்பிடித்தான் எண்டு."

கதவுக்கு முன்னால் பூவை வைத்துவிட்டுத் திரும்பியபோது மாலா என்னிடம் வந்தாள். நான் வந்து சேர்ந்த நாளில் இருந்து அவள் கேட்காமல் இருந்த கேள்வி.

"அத்தான், நீங்கள் நாளையிண்டைக்குப் போறியள். உலை எப்ப எரியுமோ தெரியாது. எனக்கு எப்ப துடக்குக் கழியும்? நான் மலைக்குப் போகவேணும். அவவோடை எனக்கு ஒரு கதை இருக்கு."

நான் ஊரில் உள்ள ஐயருக்குத் தொலைபேசி எடுக்கலாம் என்று நினைத்தேன். எடுத்தால், குடும்ப வழக்குப்படி நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்பார். ஆடியிலும் அதைத்தான் சொன்னார். பொறுப்பைத் தள்ளிவிடுகிற வேலையை என்னைவிட நன்றாகச் செய்கிறவர் அவர்.

"கணக்கு ரவி செத்த நாளில இருந்து" என்றேன். "எப்பவோ கழிஞ்சுது. நாளைக்கு ஏறுவம். நெருப்புக் கிடைக்கிற நேரம் அந்தியேட்டியைச் செய்வம்."

"முந்தி வேறை மாதிரியல்லோ சொன்னனீங்கள்?"

"அது ரத்து."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்த் தோத்தோவின் கதிரையை மடித்துக் கொடுத்தாள்.

மறுநாள் விடியற்காலையில் மலை அடிவாரத்தில் மாலா செருப்பைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள். பழைய கல்பாதை, இரவு மழை பெய்து குளிர்ந்து கிடந்தது.

"மாலா, நேர்த்தி அவன் எழும்பினால் எண்டுதானே? எழும்பேல்லை. நிபந்தனை நிறைவேறேல்லை. அப்ப உனக்குக் கடமை இல்லை."

"அவ தன்ர பக்கத்தைச் செய்யேல்லை, ஓம்" என்றாள் மாலா. "அதுக்கு நான் என்ர பக்கத்தை விடுறதோ? நான் சொன்னதைச் செய்துபோட்டுப் போய் நிண்டு கேக்கவேணும். அப்பத்தான் அவவுக்கு வெக்கம்."

சேவைக்காலம் முழுவதும் மேல்முறையீடுகளை வாசித்தவன் நான். இவ்வளவு பலமான ஒன்றை வாசித்ததில்லை. அவளுக்குப் பின்னால் ஏறினேன். அபி என் பையையும் வாங்கிக்கொண்டாள். கீழே நகரமும் துறைமுகமும் சாம்பல் நிறத்தில் விரிந்தன. எந்தப் பக்கம் கல்லறைத் தோட்டம் என்று நான் கேட்கவில்லை. மாலா ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று ஒரே திசையைப் பார்த்தாள்.

கோயில் முகப்பு சாதாரண மஞ்சள் சுவர். அதற்குப் பின்னால் மலை வாயைத் திறக்கிறது. வாசலில் சில சோடிச் செருப்புகள் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன. எங்கள் ஆட்கள் முன்பே வந்திருக்கிறார்கள். மாலா உள்ளே போனாள், அபி போனாள். நான் சப்பாத்தைக் கழற்றினேன். பிறகு பழக்கத்தில் அப்படியே நின்றுவிட்டேன்.

உள்ளே மாலாவின் குரல் கேட்டது. அவள் செபம் சொல்லவில்லை, கும்பிடவும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரியோடு வேலிக்கு மேலால் கதைப்பதுபோலக் கதைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் வந்திட்டன். வெறுங்காலோடைதான் வந்தனான், பார். நீ என்ன செய்தனீ? அவர் எத்தினை வருசம் உன்னட்டை ஏறி வந்தவர்? மழை எண்டு நிண்டவரோ, காய்ச்சல் எண்டு நிண்டவரோ? இப்ப அங்கை கொட்டகைக்கை கிடக்கிறார். நீயும் இந்தக் கல்லுக்கை கனகாலம் தனியக் கிடந்தனீதானே? உனக்குத் தெரியாதோ அது எப்பிடி எண்டு? போய் அவரைப் பார். நான் ஞாயிறுதான் போறனான். மற்ற நாளில நீ போ."

இத்தாலியப் பெண் ஒருத்தி திரும்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் அதிசயம் இல்லை என்பதுபோலத் தன் செபத்துக்குத் திரும்பினாள்.

"அத்தான்" என்று மாலா அங்கேயிருந்து கூப்பிட்டாள். "ஏன் இன்னும் வாசல்ல நிக்கிறியள்? உள்ளுக்கு வாங்கோ."

நான் படியைத் தாண்டினேன். குளிர்ந்த இருட்டு. பாறை முழுக்க நீர் கசிந்துகொண்டிருந்தது. சொட்டுகிற நீர் ஆட்கள்மீது விழாமல் கூரையெல்லாம் நீர் வழிந்தோடும் தகரப் பீலிகளை வளைத்து வளைத்துப் பொருத்தியிருந்தார்கள். நான் இந்த நகரத்தில் கண்ட மிக ஒழுங்கான ஏற்பாடு அதுதான். அப்படியிருந்தும் ஏதோ ஒரு பீலிக்குத் தப்பிய துளி ஒன்று என் வழுக்கைத் தலையில் நேராக விழுந்தது. பிறகு இன்னொன்று.

துடக்குக் கழிய முதலில் தலை முழுக வேண்டும். அதுதான் முறை. நான் தள்ளி நிற்கவில்லை.